முதலிரு குழந்தைகளும் ஒரே பாலினமாக அமைந்தால்

வணக்கம். குழந்தைகள் கூடக்கூடத் தாயின் வேலைநேரம் குறைகிறது என்ற உங்கள் ஆய்வு முடிவை நெறியாளர் ஏற்காததால், மக்கள்தொகைப் பக்கத்தை விட்டுவிட்டு உழைப்புப் பொருளியலோடு நின்றுவிடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். விட வேண்டாம். ஆனால் நெறியாளரின் ஐயம் நியாயமானது; வேலையில் நாட்டம் குறைந்தவர்களே கூடுதல் குழந்தைகளைப் பெற்றுக்கொண்டிருக்கலாம் அல்லவா? பொருளியலாளர்களான ஆங்கிரிஸ்ட்டும் எவன்ஸும் 1998-இல் வெளியிட்ட கட்டுரையில், முதலிரு குழந்தைகளும் ஒரே பாலினமாக அமைந்த அமெரிக்கப் பெற்றோர் மூன்றாவதற்கு முயல்வது சற்று அதிகம் என்பதையே கருவி மாறியாக (குழந்தை எண்ணிக்கையை மாற்றும், ஆனால் தாயின் வேலை நாட்டத்தோடு தொடர்பில்லாத தற்செயல் காரணியாக) கொண்டு, தாயின் உழைப்பு குறைவது மெய், ஆனால் குழந்தை எண்ணிக்கையையும் உழைப்பையும் நேரடியாகத் தொடர்புபடுத்தும் சாதாரணப் பின்னடைவுக் கணக்கு அக்குறைவை மிகைப்படுத்துகிறது, கணவரின் உழைப்போ ஏறக்குறைய அசையவில்லை என்று காட்டினர். உங்களுடையது பாலினத் தேர்வு நடக்கும் சமூகத்தின் தரவாக இருந்தால், குழந்தையின் பாலினம் அங்கே தற்செயல் அல்ல என்பதால் இக்கருவி உடைந்துவிடும். அதை முதலில் சோதியுங்கள்.