கேணி எந்த ஊரில் இருந்தது?

ஐயா, வணக்கம்.

நான் சுங்கை சிப்புட்டில் தமிழ்ப்பள்ளி ஆசிரியை. அடுத்த மாதம் எங்கள் வாசகர் வட்டத்தில் பாரதியின் ‘கரும்புத் தோட்டத்திலே’ பாடலையும் புதுமைப்பித்தனின் ‘துன்பக் கேணி’ கதையையும் ஒப்பிட்டுப் பேசச் சொல்லியிருக்கிறார்கள். கதையின் தலைப்பே பாட்டில் வரும் சொல்தான். ஆகவே பாட்டின் விரிவாக்கமே கதை என்று எழுதி வைத்திருக்கிறேன். ஒப்பந்தக் கூலிகளாக வந்த நம் முன்னோரின் தாய்மண் ஏக்கம் இரண்டிலும் ஒன்றாகவே ஒலிக்கிறது. என் பாட்டியும் ஊரை நினைத்து அழுவார். இரண்டில் எது உயர்ந்தது? பிஜிக்கே போகாத பாரதி அதை எழுதியது சரியா? கதையின் பி.டி.எஃப் இருந்தால் அனுப்ப முடியுமா?

ச., சுங்கை சிப்புட், மலேசியா

அன்புள்ள ச.,

உங்கள் கடிதம் வந்த அன்று காலையில்தான் நான் பிறந்த ரப்பர் தோட்டத்துப் பக்கம் போய்விட்டு வந்திருந்தேன். லயம் என்று நாங்கள் சொல்லும் தொழிலாளர் வரிசை வீடுகள் இருந்த இடத்தில் செம்பனை நிற்கிறது. பைப்படி இருந்த சிமெண்டுத் திட்டு மட்டும் பாதி மண்ணுக்குள் கிடந்தது. அதில் கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டு வந்தேன். அந்த நினைப்பில் இருந்ததால்தான் உடனே பதில். மற்றபடி, ‘ஒப்பிட்டுப் பேசச் சொல்லியிருக்கிறார்கள்’ என்று வரும் கடிதங்களை ஓரமாக வைத்துவிடுவது என் வழக்கம்.

எது உயர்ந்தது என்பது பட்டிமன்றக்காரர்கள் பிழைப்பு. அதை அவர்களுக்கே விட்டுவிடுவோம். பாரதி பிஜிக்குப் போகவில்லைதான். ‘கேட்டிருப்பாய் காற்றே’ என்று அவர் காற்றைப் பிடித்துக் கேட்பதே, நான் அங்கே இல்லை, நீதான் இருந்தாய் என்று ஒப்புக்கொண்டுதானே? இதற்கு மேல் என்ன சாட்சிக் கூண்டு வேண்டும்?

சரி, விஷயத்துக்கு வருகிறேன். ‘தாய்மண் ஏக்கம் இரண்டிலும் ஒன்றாகவே ஒலிக்கிறது’ என்று எழுதியிருக்கிறீர்கள். கோபித்துக்கொள்ளாதீர்கள் அம்மா, கதையைப் படித்துவிட்டுத்தான் எழுதினீர்களா? தலைப்பைப் பார்த்து, பாட்டை நினைத்து, மீதியை நீங்களே நிரப்பிக்கொண்டது போல இருக்கிறது. பி.டி.எஃப் கேட்டிருப்பதைப் பார்த்தால் சந்தேகம் இன்னும் வலுக்கிறது.

பாட்டில் ஏக்கம் இருக்கிறது. ‘நாட்டை நினைப்பாரோ’ என்று கேட்டு, அன்னை வீட்டை நினைப்பாரோ என்றும் கேட்கிறார். அடுத்து ‘விம்மி விம்மி விம்மி விம்மி’ என்று நான்கு தடவை. மூன்றோடு நிறுத்தியிருந்தால் அது சந்தம். நான்காவதில்தான் அது அழுகை ஆகிறது. பள்ளிக்கூடத்தில் இதைப் பாடி எனக்கு ஒரு சோப்பு டப்பா பரிசு கிடைத்தது, இன்றும் அந்த இடம் வந்தால் தொண்டை அடைக்கும். ஆனால் அந்தப் பாட்டில் ஊர் என்பது அன்னை வீடு. கெட்டதெல்லாம் கடலுக்கு அந்தப் பக்கம், ‘கண்ணற்ற தீவினிலே’ இருக்கிறது. பெண்களுக்குப் பெயர் இல்லை, ஜாதி இல்லை, கிராமம் இல்லை. எல்லோரும் ‘ஹிந்து மாதர்’. பிஜிக்கு ஆள் பிடிப்பதை நிறுத்து என்று நாடே சத்தம் போட வேண்டிய காலம் அது. அதற்கு அப்படித்தான் பாடியாக வேண்டும். நான் குறை சொல்லவில்லை.

புதுமைப்பித்தன் அந்தப் பாட்டிலிருந்து இரண்டே சொல்லை எடுத்துக்கொண்டு, அதைக் கிட்டத்தட்டத் தலைகீழாகக் கவிழ்த்துவிடுகிறார். 1935இல் மணிக்கொடி இதழில் வந்த நெடுங்கதை அது. தேயிலைத் தோட்டம் உடனே வராது. முதலில் திருநெல்வேலிச் சீமையில் வாசவன்பட்டி வருகிறது, அதன் சேரி வருகிறது, பண்ணையார் வருகிறார். வெள்ளையன் என்று ஒருவன், அவன் பெண்டாட்டி மருதி. வெள்ளையன் ஜெயிலுக்குப் போன பிறகுதான் மருதி தன் தாயோடு கங்காணி பின்னால் இலங்கைக்குக் கிளம்புகிறாள். அங்கே வெள்ளைக்கார மானேஜரால் அவளுக்கு நேர்வது கொடுமையிலும் கொடுமை, அதை யாரும் குறைத்துச் சொல்ல முடியாது. ஆனால் அவளைக் கப்பலுக்குத் தள்ளிய கை எது? ஊரின் கைதானே!

கேணி என்ற சொல்லையே யோசித்துப் பாருங்கள். நம் தோட்டங்களில் பைப்தான். கேணி என்றால் ஊர். அதில் யார் வாளி விடலாம், யார் தூரத்தில் குடத்தை வைத்துக்கொண்டு நிற்க வேண்டும் என்று சட்டம் வைத்திருந்த ஊர். துன்பக் கேணி தீவில் இருக்கிறது என்றார் பாரதி. அது வாசவன்பட்டியிலேயே வெட்டப்பட்டுவிட்டது என்கிறார் புதுமைப்பித்தன். இதை விரிவாக்கம் என்று எப்படிச் சொல்வீர்கள்? எனக்கு இது மறுப்பாகத்தான் படுகிறது.

இன்னொன்று. எல்லோரையும் ‘ஒப்பந்தக் கூலிகள்’ என்று ஒரே மூட்டையில் கட்டாதீர்கள். பிஜிக்குப் போனவர்கள் ஐந்து வருஷ ஒப்பந்தத்தில் போனார்கள். மலாயாவில் அந்த முறை 1910இலேயே முடிந்துவிட்டது. என் பாட்டி மாதிரிப் பின்னால் வந்தவர்கள், 1938இல் கங்காணி முறைக்குத் தடை வரும் வரை, பெரும்பாலும் கங்காணியோடு வந்தவர்கள். கங்காணி யார்? சொந்த ஊர்க்காரர், சொந்தம் பந்தம் சொல்லி அழைத்து வருகிறவர். அதனால் ஊரும் கூடவே கப்பல் ஏறி வந்தது, ஜாதியோடும் கடனோடும். இலங்கையிலும் கங்காணிதான். மருதியின் கதை நம் லயத்துக்கு இவ்வளவு பக்கத்தில் இருப்பதற்கு அதுவும் ஒரு காரணம்.

இப்போது என் பாட்டி. (இவரும் ஆரம்பித்துவிட்டார் என்று உங்கள் வட்டத்தில் யாராவது சொல்வார்கள். சொல்லட்டும்.)

எங்கள் வீட்டில் முழுக் கொட்டாங்குச்சி ஒன்றுகூட இருக்காது. தேங்காய் துருவி முடித்த கையோடு பாட்டி அதைத் துணி துவைக்கிற கல்லில் போட்டு நொறுக்கி அடுப்பில் வைத்துவிடுவாள். மற்ற வீடுகளில் அகப்பை செய்வார்கள், விளக்கு வைப்பார்கள். ரப்பர்ப் பால் பிடிக்கும் மங்கு உடைந்துபோன மரத்தில் அதற்குப் பதிலாகக்கூடக் கட்டுவார்கள். எங்கள் வீட்டில் மூச்சு விடக்கூடாது. எனக்கு ஒன்பது பத்து வயதிருக்கும்போது அடுத்த வீட்டில் இரண்டு வாங்கி, கயிறு கட்டி, தராசு செய்து மண்ணை நிறுத்துக்கொண்டிருந்தேன். பால் சுமக்கும் காண்டா வாளியோடு வேலைக்காட்டிலிருந்து வந்த பாட்டி வாளியைக்கூட இறக்காமல், ஒரு கையால் தராசைப் பிடுங்கி வாசலில் அடித்தாள். உடையவில்லை. அப்புறம் வாளியை இறக்கிவிட்டுக் கல்லைத் தேடினாள். நான் அழுதேன். அம்மா என்னை உள்ளே இழுத்துப் போனாளே தவிர ஒன்றும் விளக்கவில்லை.

அப்புறம் பல வருஷம் கழித்து, இந்தியாவுக்குச் சிதம்பரம் கப்பல் ஓடிக்கொண்டிருந்த காலம். அப்பா போனஸ் பணத்தை வைத்துக்கொண்டு, “ஒரு தடவ ஊருக்குப் போயி பாத்துட்டு வந்துரு” என்றார். பாட்டி படிக்கட்டில் உட்கார்ந்து நகக்கண்ணில் காய்ந்திருந்த ஒட்டுப்பாலை உரித்துக்கொண்டிருந்தாள்.

“போயி யாரப் பாக்க? கொட்டாங்குச்சியில கஞ்சி ஊத்துனானே, அவனையா?”

கொஞ்சம் பொறுத்து, “அவன் பேரன் இருப்பான் இப்போ” என்றாள். அவ்வளவுதான். டிக்கெட் எடுக்கவில்லை.

சம்பள வாரத்து ஞாயிற்றுக்கிழமை டவுனுக்கு வந்தால் சீனன் கோப்பிக் கடையில் நாற்காலியில் உட்கார்ந்து, பீங்கான் கோப்பையிலிருந்து சாசரில் ஊற்றி ஊற்றி அவள் குடிப்பாள். அரை மணி நேரம் ஆகும். கோப்பி ஆறிப்போயிருக்கும், எழுந்திருக்க மாட்டாள். ‘துன்பக் கேணி’யைப் படித்தபோதுதான் அந்த அரை மணி நேரம் எனக்குப் புரிந்தது.

உடனே, தோட்டம் சொர்க்கம் என்று நான் சொல்வதாக யாரும் கிளம்பிவிட வேண்டாம். துரையின் பூட்ஸும் கணக்கெழுதும் கிராணியின் நோட்டுப் புத்தகமும் எனக்கும் தெரியும். எந்த லயத்து வாசலில் தேர் நிற்கும் என்று எங்கள் தோட்டத்திலேயே மண்டை உடைந்திருக்கிறது. பாட்டி அழவே இல்லை என்றும் சொல்லவில்லை. அழுவாள், ஊரில் விட்டுவந்த ஒரே தங்கச்சியை நினைத்து. உங்கள் பாட்டியும் அழுவார் என்கிறீர்கள். எதை நினைத்து என்று ஒரு தடவையாவது கேட்டீர்களா? இருக்கிறார் என்றால் வாசகர் வட்டத்துக்கு முன்னால் அதைச் செய்யுங்கள். என்னிடம் கேட்பதை விட அது உருப்படியான வேலை.

யாராவது எழுந்து, 2014இல் சென்னைப் பல்கலைக்கழகம் இந்தக் கதையைப் பாடத்திட்டத்திலிருந்து எடுத்துவிட்டதே என்று கேட்கலாம். சேரி மக்களைக் காட்டிய விதம் சரியில்லை என்று எதிர்ப்பு வந்தது. அதில் நியாயம் இல்லாமல் இல்லை. புதுமைப்பித்தன் சேரியை மேட்டில் நின்று பார்க்கிற இடங்கள் எனக்கும் உறுத்தும். அதையும் மறைக்காமல் பேசுங்கள்.

பி.டி.எஃப் அனுப்புவதில்லை. புத்தகமே இருக்கிறது. வெள்ளிக்கிழமை சாயங்காலம் கோயிலுக்கு எதிர்க் கடையில் தே குடித்துக்கொண்டிருப்பேன், வந்து வாங்கிக்கொள்ளுங்கள். அட்டை கழன்றிருக்கும், பக்கம் மாறாமல் எடுக்க வேண்டும். கூட்டம் முடிந்த மறுவாரமே திரும்ப வந்துவிட வேண்டும். முன்பு இரவல் கொடுத்த இரண்டு பிரதிகள் இன்னும் வரவில்லை.