‘அஞ்சு நிமிஷம்தானே டாக்டர்?’ நிறுத்திய காரும் குழந்தைகளும்: கேள்வி பதில்

திருநெல்வேலிப் பக்கம் குழந்தைகள் அவசர சிகிச்சைப் பிரிவில் பல வருடமாக வேலை பார்க்கிறேன். கத்திரி வெயில் வந்தாலே இந்தக் கேள்விகளும் வந்துவிடும். அனுப்பியவர்களுக்கெல்லாம் முடிந்தவரை பதில் சொல்கிறேன்.

மேடம், மூன்று வயது மகன் பின் சீட்டில் தூங்கிவிடுகிறான். எழுப்பினால் ஊரைக் கூட்டுவான். மெடிக்கல் ஷாப்பில் மாத்திரை வாங்கும் ஐந்து நிமிடம் விட்டுப் போகலாமா? (இரண்டு குழந்தைகளின் அம்மா, கோவை)

வேண்டாம். நானே செய்த தப்பு என்பதால் உரிமையோடு சொல்கிறேன். என் மகளுக்கு இரண்டு வயது இருக்கும்போது இதே போல மருந்துக் கடைக்கு முன்னால் விட்டு இறங்கினேன். எனக்கு முன்னால் மூன்று பேர். ஒருவருக்கு மருந்து குடோனிலிருந்து வர வேண்டியிருந்தது. என் முறை வந்தபோது ஜிபே சுற்றிக்கொண்டே நின்றது. திரும்பி வந்து மணி பார்த்தால் பதினேழு நிமிடம். அவள் தலைமுடி நனைந்து நெற்றியில் ஒட்டியிருந்தது. வேறொன்றும் ஆகவில்லை, அவ்வளவுதான். அன்றிலிருந்து ‘அஞ்சு நிமிஷம்’ என்று யார் சொன்னாலும் எனக்கு அந்த வரிசைதான் ஞாபகம் வரும். அழுதால் அழட்டும், தூக்கிக்கொண்டு போங்கள். இல்லையென்றால் கடைக்கு போன் போட்டு, காருக்கே கொண்டுவந்து தரச் சொல்லுங்கள். தெரிந்த கடை என்றால் மாட்டேன் என்று சொல்ல மாட்டார்கள்.

கண்ணாடியை இரண்டு விரல் அளவு இறக்கி வைத்தால் போதாதா? (மதுரை)

போதாது. அமெரிக்காவில் ஸ்டான்ஃபோர்ட் மருத்துவர்கள் 2005இல் அளந்து பார்த்து வெளியிட்டார்கள். வெளியே 22 டிகிரி இருந்த இதமான நாளில்கூட, வெயிலில் நின்ற கார் ஒரு மணி நேரத்தில் 47 டிகிரியைத் தொட்டது. அந்த ஏற்றத்தில் ஐந்தில் நான்கு பங்கு முதல் அரை மணி நேரத்திலேயே நடந்துவிடுகிறது. கண்ணாடியைக் கொஞ்சம் இறக்கி வைத்தும் பார்த்தார்கள், பெரிய வித்தியாசம் இல்லை. வெயில் கண்ணாடி வழியாக உள்ளே வந்து டேஷ்போர்டையும் சீட்டையும் காய்ச்சுகிறது. அவை திருப்பி விடும் சூட்டைக் கண்ணாடி வெளியே விடுவதில்லை. இரண்டு விரல் இடுக்கில் அது தீராது.

அப்படியென்றால் ஊட்டி, கொடைக்கானலிலும் ஆபத்தா? நிழலில் நிறுத்தினால்? (சேலம்)

மேலே சொன்ன 22 டிகிரி கிட்டத்தட்ட உங்கள் கொடைக்கானல் வெயில்தானே! நிழல் கொஞ்சம் அவகாசம் தரும், காப்பாற்றாது. 2018இல் அரிசோனாவில் கோடை வெயிலில் கார்களை நிறுத்தி அளந்தார்கள். ஒரு மணி நேரத்தில் வெயிலில் நின்ற காருக்குள் சராசரி 47 டிகிரி, டேஷ்போர்டு 69. நிழலில் நின்ற காருக்குள் 38. இரண்டு வயதுக் குழந்தைக்குக் கணக்குப் போட்டால் வெயிலில் சுமார் ஒரு மணி நேரத்தில், நிழலில் இரண்டு மணி நேரத்துக்குள், உடல் சூடு ஆபத்தான அளவைத் தொடும் என்றார்கள். இன்னொன்று, நிழல் நகரும். வேப்பமரத்தடியில் விட்ட கார், சாப்பிட்டு வருவதற்குள் வெட்டவெளியில் நிற்கும்.

டாக்டரம்மா, நாங்கள் அம்பாசிடரில் பேரப்பிள்ளைகளை விட்டுவிட்டுத்தான் கோயிலுக்குள் போய் வருவோம். ஒருத்தருக்கும் ஒன்றும் ஆனதில்லை. இப்போதுதான் இந்தப் பயமெல்லாம். (72 வயது, தஞ்சாவூர்)

ஐயா, உங்கள் அம்பாசிடரில் நாலு கண்ணாடியும் முழுதாக இறங்கியிருக்கும். டிரைவர் வெளியே சாய்ந்து நின்று பீடி பிடித்துக்கொண்டிருப்பார். அது ‘தனியாக விடுவது’ இல்லையே! இன்றைய காரில் ஏசி இருப்பதால் கண்ணாடி ஏறியே இருக்கிறது, டிரைவரும் இல்லை. குழந்தையின் உடம்பு பெரியவர்களைவிட மூன்றிலிருந்து ஐந்து மடங்கு வேகமாகச் சூடேறும். உங்களுக்கு வெறும் புழுக்கமாகத் தெரிவது அதற்கு வேறு.

ஏசியை ஓட விட்டு, எஞ்சினை ஆனில் வைத்துப் போனால்? (சென்னை)

சூட்டுக்கு மட்டும் பதில் கிடைக்கும், வேறு நாலு வழி திறக்கும். குழந்தை கியரைத் தொடலாம், ஹேண்ட் பிரேக்கை எடுக்கலாம். பவர் விண்டோவில் கழுத்து மாட்டலாம். யாராவது காரோடு கிளம்பிவிடலாம். மூடிய ஷெட்டுக்குள் என்றால் புகையில் இருக்கும் கார்பன் மோனாக்சைடு சத்தமில்லாமல் கொல்லும். எஞ்சினை அணைத்துவிட்டு ‘ஏசி குளிர் இருக்கும்’ என்று நம்புவதும் வீண். சில நிமிடத்தில் போய்விடும்.

செய்தித்தாளில் ‘மூச்சுத்திணறி பலி’ என்றுதானே எழுதுகிறார்கள்? காற்று இல்லாமல் இறப்பதுதானே? (தூத்துக்குடி)

இந்தக் கேள்விக்காகவே காத்திருந்தேன். கார் காற்றுப் புகாத டப்பா இல்லை. பகல் வெயிலில் அடைபட்ட குழந்தையைப் பெரும்பாலும் சூடுதான் முதலில் சாய்க்கிறது. உடல் வெப்பம் 40 டிகிரியைத் தாண்டினால் மூளை தடுமாறும், வலிப்பு வரும். 42ஐ நெருங்கினால் உறுப்புகள் ஒவ்வொன்றாகக் கைவிடும். ‘மூச்சுத்திணறி’ என்று படித்துப் படித்துத்தான், கண்ணாடியில் இடுக்கு விட்டால் போதும் என்று எல்லோரும் நினைக்கிறோம்.

நாங்கள் ஒரு நாளும் குழந்தையைக் காரில் விட்டதில்லை. அப்படியானால் எங்களுக்குக் கவலை இல்லைதானே? (நாகர்கோவில்)

இருக்கிறது, உங்களுக்குத்தான் அதிகம். இதுவரை வந்த கேள்விகள் எல்லாம் கடை வாசலில் நிற்கும் காரைப் பற்றியவை. நம் ஊரில் குழந்தைகளைக் கொன்ற கார்கள் பல, வீட்டுப் பக்கத்தில் நின்றவை. 2022 ஜூனில் எங்கள் மாவட்டத்துப் பணகுடி அருகே மூன்று குழந்தைகள், 2025 மே மாதம் ஆந்திராவில் விஜயநகரம் பக்கம் துவாரபூடியில் நான்கு குழந்தைகள். யாரும் அவர்களை உள்ளே விடவில்லை. பூட்டாமல் நின்ற காரில் விளையாட ஏறினார்கள், கதவு சாத்திக்கொண்டது.

ஏன் வெளியே வர முடியவில்லை என்று கேட்பீர்கள். பின் கதவில் சைல்டு லாக் போட்டிருந்தால் உள்ளிருந்து திறக்காது. சில கார்களில் முன் கதவின் கைப்பிடியை இரண்டு முறை இழுத்தால்தான் திறக்கும், அது குழந்தைக்குத் தெரியாது. பயந்த குழந்தை சீட்டுக்கும் சீட்டுக்கும் நடுவே குனிந்து உட்கார்ந்துவிடும். கண்ணாடியில் கறுப்புத் திரை இருந்தால் பக்கத்தில் நடந்து போகிறவருக்கும் தெரியாது.

ஆகவே வீட்டு வாசலில் நின்றாலும் காரைப் பூட்டுங்கள், டிக்கியையும் சேர்த்து. சாவி டிவி மேல் கிடக்கக் கூடாது. ஓடாமல் கிடக்கும் பழைய கார் இருந்தால் அதையும் பூட்டுங்கள், தெருப்பிள்ளைகளுக்கு அதுதான் விளையாட்டு வீடு. குழந்தையைக் காணவில்லை என்றால் கிணறு, தொட்டி இவற்றைப் பார்க்கிற அதே ஓட்டத்தில் தெருவில் நிற்கும் எல்லாக் கார்களையும் திறந்து பாருங்கள். உறவினர் வீடுகளுக்கு போன் போடுவதெல்லாம் அப்புறம்.

பெற்ற பிள்ளையைக் காரில் மறந்துவிட்டுப் போவார்களா? என்ன பெற்றோர் அவர்கள்? (திருச்சி)

உங்களையும் என்னையும் போன்றவர்கள்தான். 2024 மே மாதம் ராஜஸ்தானின் கோட்டா பக்கம் ஒரு கல்யாணத்துக்குப் போன குடும்பம். மூன்று வயது மகள் அப்பாவோடு போயிருப்பாள் என்று அம்மா நினைத்தார், அம்மாவோடு போயிருப்பாள் என்று அப்பா நினைத்தார். அவள் காரிலேயே இருந்தாள். நம் கல்யாண வீடுகளை நினைத்துப் பாருங்கள், இது நடக்க எவ்வளவு நேரமாகும்? அமெரிக்காவில் வருடத்துக்குச் சராசரியாக 37 குழந்தைகள் சூடான காரில் இறக்கிறார்கள். அதில் பாதிக்கு மேல் மறந்து விடப்பட்டவை.

தினமும் ஒரே வழியில் ஆபீஸ் போகிறவருக்குக் கை தானாக ஸ்டியரிங்கைத் திருப்பும். வழக்கமாக அம்மா கொண்டுவிடும் குழந்தையை அன்றைக்கு மட்டும் அப்பா கொண்டுபோனால், பழக்கம் புதுவேலையை விழுங்கிவிடும். தூங்குகிற குழந்தை சத்தமும் போடாது. இடது கால் செருப்பையோ ஆபீஸ் பையையோ பின் சீட்டில் குழந்தை பக்கத்தில் போடுங்கள். செருப்பில்லாமல் யாரும் ஆபீசுக்குள் நடக்க மாட்டார்கள். பிளே ஸ்கூலில், குழந்தை வரவில்லை என்றால் உடனே போன் செய்யச் சொல்லிவையுங்கள்.

தெருவில் ஒரு காருக்குள் குழந்தை மயங்கிக் கிடந்தால் கண்ணாடியை உடைக்கலாமா? கேஸ் போடுவார்களா? (ஈரோடு)

உடையுங்கள். உயிரைக் காப்பாற்ற நல்லெண்ணத்தோடு செய்ததைச் சட்டம் குற்றமாகப் பார்க்காது. முன் கண்ணாடியோடு மல்லுக்கட்டாதீர்கள், அது நொறுங்கி விழாது. குழந்தைக்குத் தூரமான பக்கக் கண்ணாடியின் மூலையில், ஜாக்கி ராடாலோ கூர்மையான கல்லாலோ அடியுங்கள். இன்னொருவர் அதற்குள் 108ஐ அழைக்கட்டும்.

வெளியே எடுத்ததும் நிழலில் கிடத்தி, துணியைக் கழற்றி, உடம்பு முழுக்கத் தண்ணீர் ஊற்றி விசிறுங்கள். ஆம்புலன்ஸ் வரும்வரை நிறுத்தாதீர்கள். நினைவில்லாத குழந்தையின் வாயில் தண்ணீரோ சோடாவோ ஊற்றாதீர்கள். பாராசிட்டமால் சிரப் வேண்டாம், இது கிருமியால் வந்த காய்ச்சல் இல்லை, அந்த மருந்து இதற்கு வேலை செய்யாது.

இதற்கென்று நம் நாட்டில் சட்டம் உண்டா? (புதுச்சேரி)

காருக்கென்று தனியாக இல்லை. உயிர் போனால் பாரதிய நியாய சன்ஹிதாவின் (பழைய இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்தது) 106ஆம் பிரிவு, கவனக்குறைவால் மரணம், ஐந்து வருடம் வரை சிறை. புறக்கணிப்புக்கு 2015ஆம் ஆண்டு சிறார் நீதிச் சட்டத்தின் 75ஆம் பிரிவு. மற்றதை வக்கீலிடம் கேளுங்கள், நான் ஊசி போடுகிறவள்.

என் மகளுக்குப் பதினொரு வயது. அவளையுமா தூக்கிக்கொண்டு போக வேண்டும்? (வேலூர்)

அவளே கதவைத் திறந்து இறங்கி உங்களிடம் வருவாள் என்றால், சாவியும் போனும் அவளிடம் இருந்தால், சாயங்கால நேரத்தில் சில நிமிடம் விடலாம் என்பது என் கருத்து. இது மருத்துவ விதி இல்லை, அம்மாவாகச் சொல்வது. ஆனால் தம்பியைப் பார்த்துக்கொள் என்று சின்னவனையும் அவளிடம் விட்டுப் போகாதீர்கள். அது அவள் வயதுக்கு மீறிய பாரம்.

நீங்கள் ஒருமுறை சொன்னீர்கள் என்று, மகளுக்கு ஹாரன் அடிக்கச் சொல்லிக்கொடுத்தேன். இப்போது வாசலில் கார் நின்றாலே ஏறி அடிக்கிறாள். பக்கத்து வீட்டுக்காரர் சண்டைக்கு வருகிறார். (ராஜபாளையம்)

அடிக்கிறாள் என்றால் சாவி இல்லாமலும் உங்கள் காரில் ஹாரன் வேலை செய்கிறது, எல்லாக் காரிலும் அப்படி இல்லை. நல்லது, ஒரு சோதனை முடிந்தது. முன் சீட்டுக்குத் தாவி வந்து முன் கதவைத் திறக்கவும் சொல்லிக்கொடுத்துவிடுங்கள். பக்கத்து வீட்டுக்காரருக்கு ஒரு தட்டில் பால்கோவா. அப்புறம் ஒரு கேள்வி: வாசலில் நிற்கும் காரில் அவள் எப்படி ஏறுகிறாள்? முதலில் போய் அதைப் பூட்டுங்கள்.