மகள் ரேடியோவுக்குப் போகணும் என்கிறாள், பணம் கட்டலாமா?

அக்கா, உங்கள் மகள் நர்சிங் வேண்டாம், ரேடியோ, இணையத்தில் கேட்கிற பாட்காஸ்ட் நிகழ்ச்சி என்றுதான் போவேன் என்று ஒற்றைக்காலில் நிற்கிறாள், ஆர்ஜே (வானொலித் தொகுப்பாளர்) பயிற்சிக்கு ஓர் இடத்தில் பெரிய தொகை கேட்கிறார்கள், கட்டலாமா என்று கேட்டிருந்தீர்கள். கட்ட வேண்டாம். அவளைத் தடுக்கவும் வேண்டாம்.

குரல் நன்றாக இருக்கிறது என்று பள்ளியில் எல்லாரும் சொல்கிறார்களாம். சரி, இருக்கட்டும். ஆனால் யாரிடம் எதைக் கேட்பது, ஒரு மணி நேரம் பதிவு செய்ததில் எந்த ஐந்து நிமிடத்தை வைத்துக்கொண்டு மற்றதைத் தூக்கிப் போடுவது, இதுதான் அங்கே வேலை. அது கைவந்தால் எடிட்டிங், ஸ்கிரிப்ட், தயாரிப்பு என்று பல வாசல் இருக்கிறது. குரலை மட்டும் நம்பினால் ஒரே வாசல்தான், அங்கே கூட்டமும் அதிகம்.

வருமானத்தையும் சொல்லிவிடுகிறேன். நம் கோணம் என்ற ஊரில் இருக்கிற நாகர்கோவில் வானொலி 1984-ல் நாட்டின் முதல் உள்ளூர் வானொலி நிலையமாகத் தொடங்கியது. இது போன்ற அகில இந்திய வானொலி நிலையங்களில் பகுதிநேர அறிவிப்பாளர்களைத் தேர்வும் குரல் தேர்வும் வைத்து எடுப்பார்கள், ஆனால் மாதத்தில் சில நாள்தான் பணி, அதை நிரந்தர வேலை என்று எண்ணிவிடாதீர்கள். தனியார் எஃப்எம்கள் சொந்தமாகச் செய்தி தயாரித்து ஒலிபரப்ப முடியாது, அதனால் அங்கே பாட்டும் பேச்சும்தான். பாட்காஸ்ட் தொடங்கியவுடன் சோறு போடாது. ஆகவே டிகிரி வேண்டும். பக்கத்துக் கல்லூரியில் தமிழோ ஆங்கிலமோ விஸ்காமோ (காட்சித் தொடர்பியல்) எதுவானாலும் பரவாயில்லை, மேலே படிக்கணும் என்றால் திருநெல்வேலி மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகத்தில் தொடர்பியல் துறை இருக்கிறது.

இனி மகளிடம் இதைக் காட்டுங்கள். பதிவு செய்து பழக போனும் ஒரு இயர்போனும் போதும்மா, வெட்டி ஒட்ட ஆடாசிட்டி என்ற கணினி மென்பொருள் இலவசமாகக் கிடைக்கிறது. மாதம் ஒரு பதிவு, ஐந்து நிமிடம், நம் கன்னியாகுமரி மாவட்டத்துக்குள்ளேயே. தோவாளைப் பூச்சந்தைக்குப் போ, முட்டத்தில் மீன் ஏலம் நடக்கும்போது போ, வீட்டுப் பக்கத்தில் ரப்பர் பால் வெட்டுகிறவரோடு விடியற்காலையில் நட. போனை ஃப்ளைட் மோடில் போட்டுவிடு. மைக்கை வாய்க்கு நேராகப் பிடிக்காமல் ஒரு சாண் தள்ளிச் சற்றுப் பக்கவாட்டில் பிடி, இல்லாவிட்டால் ‘ப’ வரும்போதெல்லாம் டப் டப் என்று காற்று மோதும். கடற்கரையில் ஆடிக் காற்றில் எடுத்தால் ஒன்றும் தேறாது, ஏதாவது படகின் மறைவுக்குப் பேட்டி கொடுப்பவரைக் கூட்டிப்போய்ப் பேசு. பேட்டி முடிந்ததும் யாரும் பேசாமல் அந்த இடத்தின் வெறும் சத்தத்தை ஒரு நிமிடம் எடுத்துக்கொள். வெட்டிய இடங்களுக்கு அடியில் அது ஓடினால்தான் வெட்டு காதுக்குத் தெரியாது. புதியவர்கள் பெரும்பாலும் இதை மறந்துவிட்டு வீட்டுக்கு வந்து தலையில் கை வைப்பார்கள்.

கேள்விதான் எல்லாவற்றையும்விட முக்கியம். “மீன்பிடித் தொழில் கஷ்டம்தானே அண்ணே?” என்றால் “ஆமா” என்பார், முடிந்தது. “கடைசியாக வெறுங்கையோடு கரைக்கு வந்த அன்று வீட்டில் என்ன சொன்னீங்க?” என்று கேட்டுவிட்டு நீ வாயை மூடிக்கொள். அவர் யோசிக்கிற அந்த நான்கு விநாடியைத் தாங்கமுடியாமல் அடுத்த கேள்விக்குத் தாவுகிறவர்கள்தான் அதிகம். ஸ்கிரிப்டைச் சத்தமாகப் படித்துப் பார்த்து, மூச்சு முட்டுகிற வாக்கியத்தை இரண்டாக உடை. பதிவு செய்யும் முன்பு சம்மதம் கேள். சினிமாப் பாட்டைப் பின்னணியில் போடாதே, உரிமைப் பிரச்சினை வரும்.

இன்னொன்று. சில பயிற்சி இடங்களில் நம் விளவங்கோடு வட்டாரப் பேச்சை மாற்றச் சொல்வார்கள். செய்தி வாசிக்கப் பொதுத்தமிழ் வேண்டும், அதைப் பழகிக்கொள்ளலாம். ஆனால் உன் ஊர்க்காரரிடம் பேட்டி எடுக்கும்போது உன் பேச்சில் கேட்டால்தான் அவர் மனம்விட்டுப் பேசுவார். பாம்பனில் மீனவர்களுக்காகத் தொடங்கிய கடல் ஓசை என்ற சமுதாய வானொலி இருக்கிறது, அதைக் கேட்டுப் பார், மக்கள் மொழியில் நிகழ்ச்சி எப்படிச் செய்கிறார்கள் என்று புரியும்.

அக்கா, கல்லூரி விண்ணப்பத்தை இந்த வாரமே போட்டுவிடுங்கள். அப்புறம் அவள் மூன்று பதிவு முடிக்கட்டும், மூன்றாவதை எனக்கு அனுப்பச் சொல்லுங்கள், முதலாவது வேண்டாம். மூன்றாவது வரவே இல்லை என்றால் அதுவும் ஒரு பதில்தான், அப்போது நர்சிங்கைப் பற்றி அவளிடமே நான் பேசுகிறேன்.