பி.ஏ.வில் தமிழ், ஆங்கிலம், வரலாறு, பொருளியல்: எதைப் படித்தால் சம்பளம் அதிகம்?

தமிழ்நாட்டுக் கல்லூரிகளை வைத்துக் கேட்கிறீர்கள் என்று எடுத்துக்கொள்கிறேன்.

அரசு வேலையைப் பொறுத்தவரை பாடத்துக்கென்று தனிச் சம்பளம் கிடையாது, பதவிக்குத்தான் சம்பளம். பட்டதாரி ஆசிரியரின் தொடக்க அடிப்படை ஊதியம் 36,400 ரூபாய். தமிழாசிரியரும் வரலாற்று ஆசிரியரும் வாங்குவது அதேதான். அகவிலைப்படி தனி; அது இப்போது அடிப்படை ஊதியத்தில் பாதியைத் தாண்டிவிட்டது. முதுகலை ஆசிரியருக்கு 36,900, அதாவது 500 ரூபாய்தான் கூடுதல். அரசுக் கல்லூரி உதவிப் பேராசிரியருக்கு 57,700. ஆனால் நெட், செட் என்னும் கல்லூரி ஆசிரியர் தகுதித் தேர்வில் ஒன்றில் தேர்ச்சி, அல்லது முனைவர் பட்டம் வேண்டும். டி.என்.பி.எஸ்.சி. குரூப் 4 தேர்வு வழியாகச் சேரும் இளநிலை உதவியாளருக்கு 19,500. அதற்குப் பத்தாம் வகுப்பே போதும் என்பதால், எந்த பி.ஏ. முடித்துவிட்டுப் போனாலும் தொடக்கச் சம்பளத்தில் ஒரு ரூபாய்கூட ஏறாது.

அப்படியென்றால் பாடத்தால் என்ன மாறுகிறது? எந்த வேலைக்கு விண்ணப்பிக்கலாம், எத்தனை வருஷம் கழித்து என்பது மாறுகிறது. பலர் கவனிக்காமல் விடுவது இதைத்தான்.

பொருளியலையே பாருங்கள். 'கலைப் பாடங்களிலேயே நல்ல சம்பளம் தருவது' என்று அதற்குப் பெயர். ஆனால் ஆறு முதல் பத்தாம் வகுப்பு வரை சமூக அறிவியல் பட்டதாரி ஆசிரியர் பணியிடம் வரலாறு, புவியியல் படித்தவர்களுக்குத்தான். பொருளியலுக்கு மேல்நிலை வகுப்பில்தான் இடம். அதற்கு எம்.ஏ. வேண்டும், தமிழ்நாட்டில் பொருளியல் பட்டதாரி பி.எட். சேருவதற்கே எம்.ஏ. கேட்கிறார்கள். ஆக மூன்று, இரண்டு, இரண்டு என்று ஏழு வருஷம். வரலாறோ தமிழோ படித்தவர் ஐந்தாவது வருஷம் பி.எட். முடித்து ஆசிரியர் தகுதித் தேர்வு எழுதப் போய்விடுவார். பள்ளி ஆசிரியர் வேலைதான் குறி என்றால், பொருளியலை எடுப்பது இரண்டு வருஷச் சம்பளத்தை விட்டுக்கொடுப்பதற்குச் சமம்.

அந்தப் பாடத்துக்கு மதிப்பு கூடுவது எம்.ஏ.வுக்குப் பிறகு. மத்திய அரசின் இந்தியப் பொருளாதாரப் பணிக்குப் பொருளியலிலோ அதன் கிளைப் பாடங்களிலோ முதுகலை கட்டாயம். தொடக்க அடிப்படை ஊதியம் 56,100. ரிசர்வ் வங்கியின் பொருளாதார ஆய்வுப் பிரிவு அதிகாரி பணிக்கும் அதே வழிதான். தமிழிலோ வரலாற்றிலோ மட்டும் பட்டம் பெற்றவர்கள் இவற்றுக்கு விண்ணப்பிக்கவே முடியாது. இளங்கலையோடு நிறுத்துகிறவருக்கு இதனால் பயனில்லை. கணக்கும் புள்ளியியலும் பயம் என்றால் பொருளியல் பக்கமே போக வேண்டாம்.

இன்னொன்று, தமிழ் வழியில் படித்தோருக்கான 20 விழுக்காடு ஒதுக்கீடு. பள்ளியிலிருந்து, அந்தப் பதவிக்குக் கேட்கும் கல்வித் தகுதி வரை தமிழ் வழியில் படித்திருக்க வேண்டும். குரூப் 1, குரூப் 2 இரண்டுக்கும் பட்டம் தேவை. ஆகவே பள்ளி முழுக்கத் தமிழ் வழியில் படித்துவிட்டு பி.ஏ. ஆங்கில இலக்கியம் சேர்ந்தவர் அங்கே அந்தச் சலுகையை இழக்கிறார். அதே மாணவருக்குக் குரூப் 4இல் அது இருக்கும், ஏனென்றால் அங்கே கேட்பது பத்தாம் வகுப்பு மட்டும். வரலாற்றைத் தமிழ் வழியில் படித்தவருக்கு எல்லாவற்றிலும் கிடைக்கும்.

தனியார் வேலைகளில் ஆங்கிலம் முந்தும். சென்னைப் பதிப்புச் சேவை நிறுவனங்கள், உள்ளடக்க எழுத்து, வாடிக்கையாளர் சேவை எல்லாம் கேட்பது பட்டத்தை அல்ல, பிழையில்லாமல் எழுதவும் தயங்காமல் பேசவும் வருமா என்பதைத்தான். நன்றாக எழுதுகிற வரலாற்று மாணவர், தடுமாறுகிற ஆங்கில இலக்கிய மாணவரைத் தாண்டிப் போவார்.

கல்லூரி காட்டும் சம்பள எண்களை அப்படியே நம்பாதீர்கள். மத்திய அரசின் என்.ஐ.ஆர்.எஃப். தரவரிசைக்குக் கல்லூரிகள் தரும் சராசரிச் சம்பளம் உண்மையில் இடைநிலை மதிப்பு, அதாவது சம்பளங்களை வரிசைப்படுத்தினால் நடுவில் வருவது. அதுவும் வேலை கிடைத்தவர்களுக்கு மட்டும். மூன்று வருஷப் படிப்புகள் எல்லாம் ஒரே வரியில் வரும். பி.சி.ஏ., பி.காம். மாணவர்களின் சம்பளமும் அதில் கலந்திருக்கும். தமிழ்த் துறை தனியாக எவ்வளவு என்று அதிலிருந்து தெரியாது. துறைத் தலைவரிடம் போய், போன வருஷம் முடித்தவர்கள் எத்தனை பேர், வேலைக்குப் போனவர்கள் எத்தனை பேர், பி.எட்., எம்.ஏ. போனவர்கள் எத்தனை பேர் என்று கேளுங்கள்.

வேலை உத்தரவில் 'மாதம் 20,000' என்று இருந்தால் அது நிறுவனத்துக்கு ஆகும் மொத்தச் செலவா என்று பாருங்கள். அடிப்படை ஊதியம் 10,000 என்றால், நிறுவனத்தின் பி.எஃப். பங்கு 1,200, பணிக்கொடை 481, இ.எஸ்.ஐ. (தொழிலாளர் மருத்துவக் காப்பீடு) பங்கு 577 எல்லாம் அதற்குள்ளேயே போய்விடும். பிறகு உங்கள் பி.எஃப். 1,200, இ.எஸ்.ஐ. 133. கையில் வருவது சுமார் 16,400. தொழில் வரி தனி.