அடிபட்ட பிள்ளையும் தாவோ படையலும்: கேள்வி பதில்

சிறுவயதில் பட்ட வன்முறையையும் தாவோ என்ற சீனச் சமயத்தின் சடங்குகளையும் சேர்த்துப் பார்க்கும் ஆசியக் கலை பற்றிக் கேளுங்கள் என்றிருந்தேன். ஒரே மாதிரிக் கேள்விகளைச் சேர்த்துவிட்டேன்.

மதுரை வாசகர்: குழந்தைகள் வாங்கும் அடிக்கும் கோயில் படையலுக்கும் என்ன சம்பந்தம் அக்கா? வலிந்து ஒட்டவைத்தது போலிருக்கிறதே.

ஒட்டவைக்கவே வேண்டாம், தாவோ மரபுக்குள்ளேயே இருக்கிறது. நேஜா என்ற பிள்ளைச்சாமியின் கதையை எடுத்துக்கொள்ளுங்கள். ஏழு வயதுப் பையன் ஆற்றில் குளிக்கப் போகிறான். அங்கே தகராறு முற்றி கடல்நாக அரசனின் மகனைக் கொன்றுவிடுகிறான். அப்பாவின் கவசத்துக்குக் கச்சையாக இருக்கட்டுமே என்று, செத்தவனின் நரம்பையும் உருவி வீட்டுக்குக் கொண்டுவருகிறான். நாக அரசர்கள் பழிவாங்கப் பெற்றோரைத் தேடி வருகிறார்கள். "நீங்கள் தந்த சதையும் எலும்பும் இந்தாருங்கள்" என்று பையன் தன்னையே அறுத்துக்கொள்கிறான். அப்பாவுக்குத் தெரியாமல் அம்மா அவனுக்கு ஒரு கோயில் கட்டுகிறாள். அப்பாவோ அதைக் கண்டுபிடித்து, சிலையை அடித்து நொறுக்கிக் கோயிலுக்குத் தீ வைக்கிறார். குரு தாமரையால் புது உடம்பு செய்து கொடுத்ததும், பையன் நேராக அப்பாவைக் கொல்லத்தான் ஓடுகிறான். அந்த அப்பா லி ஜிங்கின் சிலைகளில் கையில் ஒரு குட்டிக் கோபுரம் இருக்கும். அது மகனை அடக்குவதற்காக அவருக்குக் கொடுக்கப்பட்டது.

16ஆம் நூற்றாண்டுச் சீன நாவல் வழியாகப் பரவிய இந்தக் கதையின் நாயகனுக்கு இன்றும் மிட்டாயும் பொம்மையும்தான் படையல். தைவானிலும் சிங்கப்பூரிலும் நேஜா இறங்கிய சாமியாடி, நரைத்த தலையோடு ரப்பர் சூப்பானை வாயில் வைத்துக்கொண்டு மழலை பேசுவார். வெளியாள் சிரிக்கலாம், சுற்றி நிற்பவர்கள் சிரிப்பதில்லை.

கோவை வாசகி: நேஜாவுக்கு இந்திய வேர் உண்டாமே?

உண்டு. குபேரன் மகன் நளகூபரன், பௌத்த நூல்களோடு சீனா போய் நேஜா ஆனான். உரலோடு கட்டப்பட்ட கண்ணன் இரண்டு மருத மரங்களைச் சாய்த்துச் சாபம் தீர்த்தானே, அந்த இருவரில் ஒருவன்தான். குழந்தைக் கண்ணனின் சாயலும் நேஜாவில் கலந்திருக்கிறது என்கிறார் ஆய்வாளர் மெய்ர் ஷஹர். காளியனை நினைத்துக்கொண்டால் எனக்கு அது சரியென்றே படுகிறது.

சென்னை ஓவியக்கல்லூரி மாணவர்: ஒரு கலைஞரிடமிருந்து தொடங்கச் சொன்னால் யார்?

தைவானின் ஹோ சுன்மிங். 1963இல் பிறந்தவர். தைவானில் ராணுவச் சட்டம் 1987இல் விலகியது. அதுவரை அடக்கிவைத்ததையெல்லாம் கொட்டித் தீர்த்த தலைமுறை அவருடையது. 1993இல் அவர் செய்த மரச்செதுக்கு அச்சுகளைப் பாருங்கள். நடுவே உருவம், சுற்றிலும் செதுக்கிய எழுத்து. கோயிலில் விற்கும் சாமிப் படம் என்றே முதலில் நினைப்பீர்கள். கிட்டே போனால்தான் அந்தச் சாமிகள் அவரே உண்டாக்கியவை என்பதும், உடம்பும் காமமும் குரூரமும் கலந்தவை என்பதும் தெரியும்.

ஆனால் அடிபட்ட பிள்ளை என்ற நம் பேச்சுக்கு நெருக்கமானது 2008இல் யோகோஹாமாவில் அவர் தொடங்கிய 'ஆசியத் தந்தை' திட்டம். ஒருவர் தன் அப்பாவைப் பற்றிச் சொல்வார், ஹோ கேட்டு வரைவார். சொல்பவரும் வரைவதுண்டு. அப்புறம் பாங்காக் உட்பட வேறு நகரங்களுக்கும் போனார். எனக்கு இது அச்சுப் படங்களைவிட ஒரு படி மேல். அவற்றில் அவர் சாமியாடி, இதில் அருள்வாக்குக் கேட்க வந்தவரின் எதிரே உட்கார்ந்து காது கொடுப்பவர்.

சிங்கப்பூர் வாசகர்: ஆவிகள் வந்துபோகும் சீன ஏழாம் மாதம் எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பின் கீழே தொட்டியில் காகிதப் பணம் எரிப்பார்கள். அதையே கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்தால் படையலாகுமா?

ஆகாது. எரிந்தால்தான் சாமிக்கும் செத்தவர்களுக்கும் போய்ச் சேரும் என்பது நம்பிக்கை. தைவானில் தங்கத்தாள் சாமிக்கு, வெள்ளித்தாள் முன்னோருக்கும் ஆவிகளுக்கும். மூங்கிலைப் பிளந்து சட்டம் கட்டி, காகிதம் ஒட்டி, வீடு, கார் என்று செய்வார்கள். பாரிஸின் கே பிரான்லி அருங்காட்சியகம் 2019இல் தைவான் காகித வீடுகளையும் பொருள்களையும் காட்சிக்கு வைத்தது. கைவேலை பிரமாதம், ஆனால் அது சாம்பலாகாத கைவேலை. ஹாங்காங்கில் பிறந்த புகைப்படக்காரர் கர்ட் டாங் இதற்கு வேறு வழி கண்டார்: காகிதப் பொருள்களைப் படமெடுத்துவிட்டுத் தன் முன்னோருக்கு எரித்தார். நமக்குப் படம், அவர்களுக்குப் பொருள்.

திருச்சி வாசகி: பயந்துபோன குழந்தைக்கு அங்கேயும் மந்திரிப்பார்களா?

மந்திரிப்பார்கள். தைவானில் ஒரு கோப்பை அரிசியைக் குழந்தையின் சட்டையால் மூடி, மந்திரம் சொல்லி, பிறகு அரிசி கிடக்கும் கோலத்தைப் பார்த்து எதைக் கண்டு பயந்தது என்று சொல்வார்கள். பயத்தில் உயிரின் ஒரு பங்கு வெளியே போய்விட்டது, கூப்பிட்டு வரவேண்டும் என்பது கணக்கு.

பினாங்கு வாசகர்: இதெல்லாம் குழந்தையின் வலியை அழகாக்கி விற்பதுதானே?

சில படைப்புகள் அப்படித்தான். ஊதுபத்திப் புகை, சிவப்பு விளக்கு, உடைந்த பொம்மை, முடிந்தது. நான் பார்ப்பது ஒன்றுதான்: படையல் என்றால் வாங்கிக்கொள்ள ஒருவர் வேண்டும். அடிபட்ட பிள்ளைக்கோ அடித்த தகப்பனுக்கோ அது போய்ச் சேர்கிறதா, இல்லை பார்க்க வந்த நம்மைப் பதறவைக்க மட்டும்தானா? இரண்டாவதென்றால் நான் நிற்பதில்லை.

பல பேர்: நேரில் எங்கே பார்ப்பது?

மக்காவ் போனால் புனித பவுல் தேவாலய இடிபாட்டின் பக்கத்திலேயே 1888இல் கட்டிய நேஜா கோயில் இருக்கிறது, சின்னது. தைவானில் தைனானின் சின்யிங் ஊர்க் கோயில் பெரியது. ஏழாம் மாதம் சிங்கப்பூர் வந்தால் மேடைப் பாட்டுக் கச்சேரிக்கும் போங்கள். முதல் வரிசை காலியாக இருக்கிறதே என்று மட்டும் உட்கார்ந்துவிடாதீர்கள், அது ஆவிகளுக்கு ஒதுக்கிய இடம்.