முதலில் விளக்கைக் குறையுங்கள், பிறகு பவளத்தை இறக்குங்கள்

கேள்வி: சிங்கப்பூரில் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டில் இருக்கிறோம். 60 செ.மீ. நீளம், 45 செ.மீ. அகலம், 45 செ.மீ. உயரத்தில் ஒரு கடல்நீர்த் தொட்டி வைத்து மூன்று மாதம் ஆகிறது. இரண்டு கோமாளி மீன்களும் நன்றாக இருக்கின்றன. போன வாரம் முதன்முதலாகப் பவளம் வாங்கினேன்: ஒரு டார்ச், ஒரு ஹேமர், நான்கு மஷ்ரூம், ஒரு லெதர், ஒரு பச்சை ஸ்டார் பாலிப், ஒரு டிராக்கிஃபிலியா. ஆசைக்கு ஓர் அக்ரோபோரா துண்டும் வாங்கினேன். எல்லாவற்றையும் பாறை உச்சியில், எல்இடி விளக்குக்கு நேர் கீழே வைத்தேன். விளக்கு 100 சதவீதத்தில் 12 மணி நேரம் எரிகிறது. ஹேமர் சுருங்கிவிட்டது, மஷ்ரூம் வெளிறுகிறது, லெதர் மூன்று நாளாகத் திறக்கவே இல்லை. எதை எங்கே வைப்பது? விளக்கு எவ்வளவு நேரம் எரியலாம்?

பதில்: இதைப் படித்ததும் எழுந்துபோய் விளக்கை 35 சதவீதத்துக்கு இறக்குங்கள். எரியும் நேரத்தை எட்டு மணியாக்குங்கள். மற்றதை அதற்குப் பிறகு நிதானமாகப் பார்க்கலாம்.

பவளம் ஒரு விலங்கு. ஆனால் நீங்கள் வாங்கிய எல்லா வகைகளின் சதைக்குள்ளும் ஒற்றைச் செல் பாசிகள் லட்சக்கணக்கில் குடியிருக்கின்றன. வெளிச்சத்தில் அவை சமைக்கும் சர்க்கரையில் பெரும்பங்கு பவளத்துக்குப் போகிறது. வெளிச்சம் அளவு மீறினால் பாசியிடமிருந்து நச்சுத்தன்மையுள்ள ஆக்சிஜன் வடிவங்கள் கசியத் தொடங்கும். பவளம் தன்னைக் காத்துக்கொள்ளப் பாசியை வெளியே தள்ளிவிடும். நாம் ‘வெளிறிவிட்டது’ என்று சொல்வது அதைத்தான். வெளிச்சம் போதாமல் போனால் கதை வேறு. கிடைக்கும் கொஞ்ச வெளிச்சத்தையும் பிடிக்கப் பாசி பெருகும், பவளம் பழுப்பேறும்.

என் ஆலோசனை முழுவதும் இந்த வித்தியாசத்தின் மேல்தான் நிற்கிறது. பழுப்பேறிய பவளம் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும், மெல்ல மேலே ஏற்றினால் நிறம் திரும்பும். வெளுத்த பவளத்துக்கு அவ்வளவு காலம் கிடையாது. சாப்பாடு போடும் ஆளை அது வீட்டைவிட்டு அனுப்பிவிட்டது. அதனால் எந்தப் பவளம் வாங்கினாலும் முதலில் கீழே, மங்கலில் வையுங்கள். இரண்டு வாரம் பார்த்துவிட்டு, தேவையென்று தெரிந்தால் ஏற்றுங்கள்.

நீங்கள் இருக்கும் ஊரின் கடலே இதற்குச் சாட்சி. சிங்கப்பூரைச் சுற்றி 250-க்கு மேற்பட்ட கல் பவள வகைகள் உண்டு. ஆனால் அந்தத் தண்ணீர் மாலத்தீவுத் தண்ணீர் போலத் தெளிவானதல்ல. வண்டல் கலங்கி நிற்பதால் பவளத்துக்குத் தேவையான வெளிச்சம் ஏழெட்டு மீட்டர் ஆழத்தைத் தாண்டுவதே அரிது. அந்த மங்கலில்தான் அத்தனையும் வளர்கின்றன. புலாவ் ஹந்து தீவில் நீர் வற்றும் நேரம் போய்ப் பாருங்கள், தைரியம் வரும். பார்ப்பதோடு சரி, எதையும் பெயர்த்து எடுக்காதீர்கள்.

வெளிச்சத்தை அளப்பதில் நம் கண்ணை நம்ப முடியாது. பவள விளக்கில் நீலம் தூக்கலாக இருக்கும். நீலம் நமக்கு மங்கலாகத் தெரியும், பாசிக்கோ அதுதான் முழுச் சாப்பாடு. கைப்பேசிச் செயலிகள் காட்டும் லக்ஸ் கணக்கு மனிதக் கண்ணை வைத்துப் போட்டது, இங்கே உதவாது. பாசி பயன்படுத்தக்கூடிய ஒளியைச் சொல்வது பி.ஏ.ஆர். அளவு. அதற்கான மீட்டர் விலை அதிகம், ஆயுளில் இரண்டு மூன்று முறைதான் தேவைப்படும். பவளம் வளர்ப்பவர் யாரிடமாவது ஒரு நாள் இரவல் வாங்குங்கள். தொட்டியின் முன்பக்கப் படம் ஒன்று வரைந்து, பத்துப் பன்னிரண்டு இடங்களில் அளந்து எண்களைக் குறித்துக்கொள்ளுங்கள். 45 செ.மீ. உயரத் தொட்டியில் பாறை உச்சிக்கும் மணல் மூலைக்கும் நான்கைந்து மடங்கு வித்தியாசம் இருப்பது சாதாரணம். பாறை விளிம்புக்குக் கீழே கை நிழல் அளவு இடத்தில் அளவு சட்டென்று பாதியாகிவிடும். அந்த நிழல்கள்தான் உங்கள் முதல் பவளங்களுக்கு நல்ல இடம்.

இனி ஒவ்வொன்றாக.

டிராக்கிஃபிலியாவை இன்றே மணலில் இறக்குங்கள். கடலிலும் அது கிடப்பது அடித்தரையில்தான். பகலில் சதை உப்பி எலும்புக்கூட்டை முழுவதும் மூடிவிடும். பாறைமேல் இருந்தால் அந்தச் சதை பாறையின் கூர்முனையில் உரசிக் கிழியும். கிழிந்த இடத்தில் நோய் பிடிக்கும். 60 முதல் 100 பி.ஏ.ஆர். அதற்குத் தாராளம். இரவில் விளக்கணைந்து ஒரு மணி நேரம் கழித்துப் பாருங்கள், ஓரத்தில் சின்னச் சின்ன உணர்கொம்புகள் நீட்டியிருக்கும். வாரம் இரண்டு முறை மைசிஸ் இறால் இரண்டு மூன்று அங்கே வையுங்கள்.

மஷ்ரூம் நான்குக்கும் பாறையின் அடிவாரம், நிழல் பக்கம். 50 பி.ஏ.ஆர். இருந்தால் போதும். வெளிறியது அங்கே மூன்று நான்கு வாரத்தில் தேறிவிடும் என்று நம்பலாம். கல்லைவிட்டுக் கழன்று மிதந்தால் பசை போட்டு ஒட்டப் பார்க்காதீர்கள், சளி சுரந்து நழுவிவிடும். ஒரு சின்ன பிளாஸ்டிக் கிண்ணத்தில் பாறைச் சில்லுகளைப் போட்டு, அதன்மேல் மஷ்ரூமை வைத்து, வாயில் வலைத்துணி கட்டி ஓட்டமில்லாத மூலையில் வைத்துவிடுங்கள். ஒன்றிரண்டு வாரத்தில் ஏதாவது ஒரு சில்லைப் பிடித்துக்கொள்ளும். அந்தச் சில்லை எடுத்து வேண்டிய இடத்தில் ஒட்டுங்கள்.

டார்ச், ஹேமர் இரண்டும் பாறையின் கீழ்ப்பாதியில், 80 முதல் 150 பி.ஏ.ஆர். கிடைக்கும் இடத்தில் இருக்கட்டும். ஆனால் பக்கத்தில் பக்கத்தில் வேண்டாம். பார்வைக்கு உறவு போலத் தெரியும் இவற்றை வெகுகாலம் யூஃபிலியா என்ற ஒரே பேரினத்தில் வைத்திருந்தார்கள். 2017-ல் ஹேமரையும் அதன் நெருங்கிய உறவான ஃபிராக்ஸ்பான் பவளத்தையும் பிரித்து ஃபிம்பிரியாஃபிலியா என்று தனிப் பேரினமாக்கினார்கள். தொட்டியிலும் அந்தப் பிரிவு தெரியும். ஹேமரும் ஃபிராக்ஸ்பானும் பொதுவாக ஒட்டி வாழும், டார்ச் இரண்டையும் கொட்டும். என் முதல் தொட்டியில் டார்ச்சுக்கும் ஹேமருக்கும் நான்கு விரற்கடை இடம் விட்டு, போதும் என்று இருந்தேன். ஒரு நாள் காலையில் ஹேமரின் ஒரு பக்கம் வெள்ளை எலும்பாக நின்றது. அன்றிரவு இரண்டு மணிக்கு டார்ச் லைட்டில் சிவப்புக் கண்ணாடித்தாள் கட்டிப் பார்த்தேன். பகலில் விரல் நீளமிருந்த கொம்புகளுக்கு நடுவிலிருந்து நூல்போல இரண்டு இழைகள் நீண்டு ஹேமரைத் துழாவிக்கொண்டிருந்தன. அன்றிலிருந்து டார்ச்சைச் சுற்றி எல்லாப் பக்கமும் ஒரு சாண் இடம் விடுகிறேன். நீங்களும் விடுங்கள். ஓட்டம் டார்ச்சிலிருந்து ஹேமரை நோக்கிப் போகாமலும் பார்த்துக்கொள்ளுங்கள்.

பச்சை ஸ்டார் பாலிப்பைப் பெரிய பாறையில் தொடவே விடாதீர்கள். ஊதா நிறப் பாய் ஒன்றை விரித்துக்கொண்டே போய், எதிர்ப்படும் பவளத்தின் மேலேயே ஏறிவிடும். மணலுக்கு நடுவே தனிக்கல் ஒன்றில் வையுங்கள், இல்லையென்றால் பின்கண்ணாடியில் ஒட்டிவிடுங்கள். வெளிச்சம் கூடக் குறைய இருந்தாலும் தாங்கும்.

அக்ரோபோராவைப் பற்றி ஒளிக்காமல் சொல்கிறேன்: கடைக்காரர் திரும்ப எடுத்துக்கொள்வார் என்றால் கொடுத்துவிடுங்கள், இல்லையேல் பழைய தொட்டி வைத்திருக்கும் நண்பரிடம் ஒப்படையுங்கள். அதற்கு 250 முதல் 350 பி.ஏ.ஆர். வேண்டும். அதைவிட முக்கியமாக, நீரின் காரத்தன்மை நாளுக்கு நாள் ஆடாமல் இருக்க வேண்டும். மூன்று மாதத் தொட்டிக்கு அந்த நிதானம் வந்திருக்காது. அதற்காக விளக்கைக் கூட்டினால் மற்ற ஆறு வகையும் வாடும். ஒரு வருடம் போகட்டும், மறுபடி வாங்கலாம்.

லெதர் பாறையின் நடுமட்டத்துக்கு மேலே இருக்கலாம், 100 முதல் 200 வரை தாங்கும், நல்ல ஓட்டமும் வேண்டும். அது தன்னைக் காத்துக்கொள்ளச் சில வேதிப்பொருள்களைத் தண்ணீரில் விடும், கல் பவளங்களுக்கு அது ஆகாது. வடிகட்டியில் ஒரு பை ஆக்டிவேட்டட் கார்பன் போட்டு மூன்று நான்கு வாரத்துக்கு ஒருமுறை மாற்றிவிடுங்கள்.

விளக்கின் அட்டவணை எளிது. டைமரில் காலையில் ஒரு மணி நேரம் மெல்ல ஏறட்டும், ஆறு மணி நேரம் நிற்கட்டும், கடைசி ஒரு மணி நேரம் மெல்ல இறங்கட்டும். நீங்கள் வேலை முடிந்து வந்து பார்க்க வேண்டுமென்றால் மதியம் தொடங்கி இரவு எட்டு மணிக்கு அணைக்கலாம், பவளத்துக்கு அதில் வருத்தமில்லை. தினமும் அதே நேரமாக இருந்தால் சரி. இரவில் முழு இருட்டு வேண்டும். இரண்டு வாரம் 35 சதவீதத்திலேயே விடுங்கள். அதன்பின் வாரத்துக்கு ஐந்து சதவீதம் கூட்டலாம். பவளம் நன்றாக விரிந்து, நிறம் கெடாமல் இருந்தால் அந்த இடத்திலேயே நிறுத்திவிடுங்கள். 100-ஐத் தொட வேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை. பல நல்ல தொட்டிகள் அறுபதிலேயே ஓடுகின்றன.

எழுதுகிறவர்கள் எல்லோரும் விளக்கைத்தான் கேட்கிறார்கள், நீரோட்டத்தை யாரும் கேட்பதில்லை. ஹேமரின் கொம்புகள் காற்றில் நெல்வயல் அசைவதுபோல இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஆட வேண்டும். ஒரே பக்கம் சாய்ந்து படபடத்தால் அலை மோட்டார் நேரே அதன்மேல் அடிக்கிறது. சதைமேல் தூசி படிந்து நின்றால் ஓட்டம் போதவில்லை. மோட்டாரைக் கண்ணாடியின் மேலோ எதிர்ச்சுவரின் மேலோ மோதித் திரும்பும்படி திருப்புங்கள்.

வெப்பத்தையும் விட்டுவிட முடியாது. சூடும் வெளிச்சமும் கைகோத்தால் வெளிறுதல் இரட்டிப்பாகும். சிங்கப்பூர்க் கடலில் 1998, 2010, 2016 ஆண்டுகளில் பவளங்கள் பெருவாரியாக வெளிறியது கடல் சூடேறியதால்தான். தொட்டி 25 முதல் 27 டிகிரிக்குள் இருக்கட்டும். நீர்மட்டத்தில் படும்படி மின்விசிறி வைத்தால் இரண்டு மூன்று டிகிரி இறங்கும். ஆனால் தண்ணீர் ஆவியாகும், உப்பு ஆவியாகாது. குறையும் நீருக்கு ஈடாகத் தினமும் ஆர்.ஓ. நன்னீர் ஊற்றி உப்படர்த்தியை 1.025-லேயே நிறுத்துங்கள். அதிலும் அடங்கவில்லையென்றால் நீரைக் குளிர்விக்கும் சில்லர்தான் வழி.

இடம் மாற்றுவதில் கை அரிக்கும். அடக்குங்கள். இன்று கீழே இறக்கியபின் இரண்டு வாரத்துக்கு எதையும் தொடாதீர்கள். கல்லிடுக்கில் செருகி வைத்தால் போதும், பசை வேண்டாம். தினமும் ஒரே நேரத்தில், ஒரே இடத்தில் நின்று ஒரு படம் எடுங்கள். இடம் பிடித்துவிட்டது என்று படம் சொன்னபின், அடிக்கட்டையைத் துடைத்து, சூப்பர் குளூ ஜெல்லைத் தாராளமாக வைத்து, தண்ணீருக்குள் கல்லின்மேல் திருகி அழுத்துங்கள். ஜெல்லாக இருக்க வேண்டும், தண்ணீர்போல ஓடும் பசை கையில்தான் ஒட்டும்.

அடுத்த முறை கடைக்குப் போனால் ஸோவாந்திட் என்ற வகையைக் காட்டுவார்கள், மலிவு, அழகு. வாங்கலாம். ஆனால் அவற்றில் சிலவற்றுக்குள், குறிப்பாகப் பாலிதோவா என்ற இனத்துக்குள், பாலிடாக்சின் என்ற கொடிய நஞ்சு உண்டு. கையுறையும் பாதுகாப்புக் கண்ணாடியும் இல்லாமல் வெட்டவோ தேய்க்கவோ கூடாது. அது வளர்ந்த கல்லை எக்காரணத்துக்காகவும் வேகவைக்காதீர்கள், வெந்நீர் ஊற்றாதீர்கள். ஆவியை மூச்சில் இழுத்து வீட்டோடு மருத்துவமனைக்குப் போனவர்கள் உண்டு.

சென்னையில் உள்ள உறவினருக்கு ஒரு துண்டு கொண்டுபோகலாமா என்று பலர் கேட்பார்கள், முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். இந்தியாவில் பாறை கட்டும் கல் பவளங்கள் அத்தனையும் 2001 முதல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கின்றன, புலிக்கு உள்ள அதே பாதுகாப்பு. கல் பவளங்களை நாடு விட்டு நாடு கொண்டுசெல்ல, அருகிவரும் உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டீஸ் ஒப்பந்தப்படி அனுமதியும் வேண்டும். பெட்டியில் வைத்துக் கொண்டுபோகும் பொருள் அல்ல அது.

கடைசியாக, மூடிக் கிடக்கும் லெதர். அது இறந்துவிடவில்லை என்றே நினைக்கிறேன். மேலே மெழுகு பூசியதுபோலப் பளபளப்பு தெரிகிறதா பாருங்கள். தெரிந்தால் தோல் உரிக்கிறது, பத்து நாள்கூட ஆகலாம். அலை மோட்டாரைக் கொஞ்சம் அதன் பக்கம் திருப்பிவிட்டால் அந்த ஏடு தானே கழன்று போகும், விரலால் உரிக்காதீர்கள். இரண்டு வாரம் தாண்டியும் திறக்காவிட்டால் தண்ணீருக்கு வெளியே எடுத்து அடிப்பகுதியை முகர்ந்து பாருங்கள். அழுகிய முட்டை வாடை அடித்தால் கறுத்த பகுதியைப் பிளேடால் வெட்டி எறிந்துவிட்டு நல்ல சதையைப் புதுக்கல்லில் ரப்பர் பேண்டு போட்டுக் கட்டுங்கள். வாடை இல்லையென்றால் திரும்ப அதே இடத்தில் வைத்துவிட்டு இன்னும் ஒரு வாரம் பொறுங்கள்.