புகை மருந்தும் வாய்க்கால் தண்ணீரும்: டெல்டாவில் நோய்த்தடுப்பு பற்றிக் கேள்வி பதில்

திருவாரூர், நாகப்பட்டினம் பக்கத்துக் கிராமங்களில் சுகாதார ஆய்வாளராக இருந்து ஓய்வுபெற்றவன் நான். மழைக்காலம் நெருங்குகிறது என்பதால் கேள்விகள் நிறைய வந்துவிட்டன. ஒரே மாதிரியானவற்றைச் சேர்த்துப் பதில் சொல்கிறேன். மருந்துச் சீட்டு கேட்டவர்கள் மன்னிக்கவும், அது டாக்டர் வேலை.

மன்னார்குடி ஆசிரியை: எங்கள் தெருவில் இரண்டு பேருக்கு டெங்கு. பஞ்சாயத்தில் ஒரே ஒரு நாள் புகை அடித்துவிட்டுப் போய்விட்டார்கள். வாரம் ஒருமுறை அடிக்கச் சொல்லி மனு கொடுக்கலாமா?

கொடுக்கலாம் அம்மா, ஆனால் பெரிய பலன் இருக்காது. புகை, பறக்கிற கொசுவைத்தான் கொல்லும். தொட்டிக்குள் நெளிகிற புழு அப்படியே இருக்கும், சில நாளில் கொசுவாகி வெளியே வரும். முட்டையிலிருந்து கொசுவாக ஒரு வாரம், பத்து நாள் போதும். புகை என்றால் சத்தம் உண்டு, ஊரே பார்க்கும், தலைவருக்கும் வேலை செய்தமாதிரி ஆகிவிடும். தொட்டி தேய்க்கிற பெண்ணை யாரும் போட்டோ எடுப்பதில்லை.

டெங்கு கொசு அதிக தூரம் பறக்காது. உங்களைக் கடிப்பது பெரும்பாலும் உங்கள் வீட்டிலோ நாலு வீடு தள்ளியோ பிறந்ததுதான். அதனால் மனுவில் புழு ஒழிப்புப் பணியாளரை வாராவாரம் அனுப்பச் சொல்லிக் கேளுங்கள். அவர்கள் வந்தால் கொல்லைப்புறம் வரை விடுங்கள். வாசலிலேயே நிறுத்தி "எங்க வீட்டுல ஒண்ணும் இல்ல" என்று சொல்லி அனுப்புகிற வீடுகளில்தான் ஃப்ரிட்ஜ் பின்னால் இருக்கும் தட்டில் புழு இருக்கும். மாடி வீடுகளை மனதில் வைத்துத்தான் சொல்கிறேன்.

வேதாரண்யம் வாசகர்: "தண்ணீரைச் சேமித்து வைக்காதே" என்று நோட்டீஸ் ஒட்டுகிறார்கள். எங்களுக்குக் குழாயில் தண்ணீர் வருவதே நாலு நாளைக்கு ஒருமுறை. சேமிக்காமல் என்ன செய்வது?

நியாயமான கோபம். கடலோரத்தில் நிலத்தடி நீர் உப்பு. நல்ல தண்ணீர் வருகிற அன்று வீட்டில் இருக்கிற குடம், அண்டா, டிரம் எல்லாவற்றிலும் பிடித்து வைப்பதைத் தவிர வழியில்லை. அந்தத் தெருவில் டெங்கு வந்தால் குற்றம் விழிப்புணர்வு இல்லாததா, தண்ணீர் வரும் முறையா? நான் இரண்டாவது என்பேன். தினமும் கொஞ்ச நேரமாவது தண்ணீர் வருகிற ஊரில் சிமெண்ட் தொட்டி தானாகவே குறைந்துவிடும். எந்த நோட்டீஸும் அந்த வேலையைச் செய்யாது.

அதுவரைக்கும் ஒரு காரியம். டிரம்மின் வாயைப் பழைய வேட்டித்துணியால் இறுக்கிக் கட்டுங்கள். பலகை போட்டு மூடினால் இடுக்கு இருக்கும், கொசுவுக்கு அது போதும். தண்ணீர் தீர்ந்ததும் உள்சுவரைத் தேங்காய் நாரால் தேய்த்துக் கழுவுங்கள். இந்தக் கொசு தண்ணீருக்குச் சற்று மேலே, ஈரச் சுவரில் கரும்பொட்டு மாதிரி முட்டை ஒட்டும். தண்ணீரைக் கொட்டினாலும் முட்டை அங்கேயே இருக்கும். காய்ந்து மாதக்கணக்கில் கிடந்து, மறுபடி தண்ணீர் பட்டதும் பொரியும். கொட்டினால் போதும் என்று நினைக்கிற வீடுகளில் திரும்பத் திரும்பப் புழு வருவது இதனால்தான்.

நீடாமங்கலம் விவசாயி: எலிக்காய்ச்சலுக்கு பூட்ஸ், கையுறை போடச் சொல்கிறார்கள். நடவு வயலில் நடக்கிற காரியமா?

நடக்காது. முழங்கால் சேற்றில் ரப்பர் பூட்ஸ் போட்டு நாற்று நட முடியும் என்பவர் வயலில் இறங்கியிருக்க மாட்டார். வரப்பு வெட்டும்போது, வாய்க்கால் தூர்வாரும்போது போடலாம். நடவுக்குச் சரிப்படாது.

எலியின் சிறுநீர் கலந்த தண்ணீர் பித்த வெடிப்பு, சிராய்ப்பு, கண், வாய் வழியாக உள்ளே போவதால் வருவது இது. அதனால் இறங்குவதற்கு முன் வெடிப்பையும் காயத்தையும் தண்ணீர் புகாத பிளாஸ்டரால் ஒட்டுங்கள். கரையேறியதும் குழாய்த் தண்ணீரில் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். வாய்க்கால் தண்ணீரில் வாய் கொப்பளிக்காதீர்கள். தஞ்சாவூர்க் கிட்டி வைத்து எலி பிடிப்பது நெல்லுக்காக மட்டும் இல்லை, உங்கள் ஈரலுக்காகவும்தான். பிடித்த எலியை வெறும் கையால் எடுக்காமல், ஆழமாகப் புதையுங்கள்.

இன்னொன்று. காய்ச்சலோடு கெண்டைக்கால் தசை வலி, கண் சிவப்பு இருந்தால், டாக்டர் கேட்காவிட்டாலும் "வயல் வேலைக்குப் போனேன்" என்று நீங்களே சொல்லுங்கள். அந்த ஒரு வார்த்தை இல்லாமல் "சாதாரணக் காய்ச்சல்" என்று திரும்பி, மஞ்சள் காமாலையோடு வந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். சீக்கிரம் தெரிந்தால் சாதாரண ஆன்டிபயாட்டிக்கிலேயே அடங்கக்கூடிய நோய்.

கும்பகோணம் வாசகர்: சின்ன வயதில் யானைக்கால் நோயாளிகளை நிறையப் பார்த்தேன். இப்போது காணோமே, கொசு குறைந்துவிட்டதா?

கொசுவா, குறைவதா! சாக்கடைக் கொசு இன்றும் ஏராளம். குறைந்தது மனித ரத்தத்தில் இருந்த நுண்புழு. வருடத்துக்கு ஒருமுறை ஊரில் எல்லோருக்கும், நோய் இல்லாதவர்களுக்கும், டி.இ.சி. மாத்திரையும் பிறகு அல்பெண்டசோலும் சேர்த்துக் கொடுத்தார்களே, அதன் வேலை. "எனக்குத்தான் நோய் இல்லையே" என்று மாத்திரையைப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டவர்கள் அப்போது நிறைய. அதனால்தான் எதிரிலேயே விழுங்க வைக்கச் சொன்னார்கள். இந்தப் புழு ராத்திரியில்தான் ரத்தத்தில் சுற்றும். அதற்காக இரவில் கதவைத் தட்டி ரத்தம் எடுக்கப் போனால் நாயும் விடாது, வீட்டுக்காரரும் விடமாட்டார். தெருவில் தெரிந்த ஒருவர் கூட வந்தால் மட்டும் கதவு திறக்கும்.

சாக்கடைக் கொசு கழிவறைத் தொட்டியிலும் வளரும். உங்கள் தொட்டியின் காற்றுக்குழாய் வாயில் நைலான் வலை கட்டியிருக்கிறீர்களா? இல்லையென்றால் இன்றே கட்டுங்கள். செலவு ஒரு டீ காசுதான்.

திருத்துறைப்பூண்டி வாசகி: நான் கிராம சுகாதார செவிலியர். புதன்கிழமை தடுப்பூசிக்குத் தாய்மார் பாதிப்பேர் வருவதில்லை. எவ்வளவு பேசினாலும் புரிந்துகொள்ள மாட்டேன் என்கிறார்கள்.

அவர்களுக்குப் புரியாமல் இல்லை அம்மா. மேட்டூர் திறந்து தண்ணீர் வந்து சேர்ந்ததும் நடவு மும்முரம். ஒருநாள் கூலியை விட்டுவிட்டு வந்தால், மறுநாள் அந்தக் குழுவில் அவருக்கு இடம் இருக்காது. கூடவே, ஊசி போட்டால் ராத்திரி பிள்ளைக்குக் காய்ச்சல் வரும், மறுநாளும் வேலைக்குப் போக முடியாது. ஆக இரண்டு நாள் கூலி.

எதைச் செய்தால் கூட்டம் வந்தது என்று சொல்கிறேன். நடவுக் குழுவைக் கூட்டிப்போகும் பெண்ணிடம் முதல் நாளே பேசி, எந்தத் தெரு ஆட்கள் எந்த நாளில் போகிறார்கள் எனத் தெரிந்துகொண்டு, வேலை முடிந்து திரும்பும் நேரத்துக்கு அங்கன்வாடியில் உட்கார்ந்தோம். ஊசி போட்டுவிட்டு, காய்ச்சல் வரலாம், வந்தால் இவ்வளவு பாராசிட்டமால் என்று வாயால் சொல்லி, மருந்தையும் கையில் கொடுத்து அனுப்பினோம். சொல்லாமல் விட்டு, காய்ச்சல் வந்துவிட்டால் அடுத்த தவணைக்கு அந்த வீடு மட்டுமில்லை, பக்கத்து வீடும் வராது.

இப்போது நடவுக்கு மேற்கு வங்கம், பீகாரிலிருந்து ஆட்கள் வருகிறார்கள். பிள்ளைகளோடு வந்திருப்பவர்களின் பெயர் உங்கள் பதிவேட்டில் இருக்காது. அவர்கள் தங்குகிற மோட்டார் கொட்டகைகளை ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

பாபநாசம் அருகிலிருந்து குடிநீர்த் தொட்டி ஆபரேட்டர்: பிளீச்சிங் பவுடர் போட்டால் "மருந்து வாடை" என்று சண்டைக்கு வருகிறார்கள். அளவு என்ன?

ஆயிரம் லிட்டருக்கு 4 கிராம். 30,000 லிட்டர் தொட்டிக்கு 120 கிராம். நேராகக் கொட்டாதீர்கள் தம்பி. பக்கெட்டில் கரைத்து, சுண்ணாம்பு அடியில் படிந்ததும் தெளிந்த நீரை மட்டும் ஊற்றி, அரை மணி நேரமாவது கழித்துத் திறந்துவிடுங்கள். வாடைச் சண்டை பாதி குறையும். மூட்டையை மோட்டார் ரூமில் வாய் திறந்து வைத்தால் ஈரம் பட்டு வீரியம் போய்விடும். சோதனையைக் கடைசித் தெருக் கடைசிக் குழாயில் செய்யுங்கள். அங்கே லிட்டருக்கு 0.2 மில்லிகிராம் குளோரின் மிச்சம் இருந்தால்தான் கணக்கு. முதல் குழாயில் பார்த்துப் பதிவேட்டை நிரப்புகிற பழக்கம் நம் ஊரில் பலருக்கு.

தஞ்சாவூர் வாசகர்: நிலவேம்புக் குடிநீர் குடித்தால் டெங்கு வராதா?

கொசு கடித்தால் வரும். குடிப்பதில் எனக்குச் சண்டையில்லை, அதை நம்பி ஆஸ்பத்திரிக்குத் தாமதமாகப் போவதில்தான் சண்டை. காய்ச்சல் விடுகிற நேரம்தான் டெங்குவில் ஆபத்து. அப்போது வயிற்று வலி, விடாத வாந்தி, ஈறில் ரத்தம் என்றால் உடனே கிளம்புங்கள்.

பட்டுக்கோட்டை வாசகர்: புயலுக்குப் பிறகு கொள்ளைநோய் வரும் என்று பயமுறுத்துகிறார்களே?

2004 சுனாமிக்குப் பிறகு நாகையில் எல்லோரும் அதைத்தான் எதிர்பார்த்தார்கள். பெரிய கொள்ளைநோய் வரவில்லை. முகாம்களில் குளோரின் கலந்த தண்ணீரும் தடுப்பூசியும் விடாமல் போனது முக்கியக் காரணம். 2018 நவம்பரில் கஜா வந்தபோது சிக்கல் வேறு மாதிரி. மின்கம்பங்கள் சாய்ந்து மின்சாரம் போய், தொட்டியில் தண்ணீர் ஏற்ற வழியில்லை. ஊர் ஊராக ஜெனரேட்டர் கொண்டுபோய்த்தான் மோட்டார் ஓட்டினார்கள். அதனால் மழைக்கு முன்பே, எங்கே வாடகைக்கு ஜெனரேட்டர் கிடைக்கும், எந்த மோட்டாருக்கு எத்தனை குதிரைசக்தி என்று பஞ்சாயத்தில் எழுதி வைக்கச் சொல்லுங்கள். அப்புறம், விழுந்த தென்னையின் குழி, இளநீர்க் கூடு இரண்டிலும் புழு வைக்கும்.

பெயர் வேண்டாம் என்றவர்: எங்கள் காலனி ஊரின் தாழ்ந்த பக்கம். மேலத் தெருக்களின் சாக்கடை எல்லாம் இங்கேதான் வந்து தேங்குகிறது. வருடா வருடம் காய்ச்சல் எங்களுக்குத்தான். வந்து பார்க்கிற அதிகாரிகள் சுத்தமாக இருங்கள் என்று அறிவுரை சொல்லிவிட்டுப் போகிறார்கள்.

தண்ணீர் தேங்குவது உங்கள் பழக்கத்தால் இல்லை, வடிகால் எங்கே முடிய வேண்டும் என்று யாரோ முடிவு செய்ததால். இதற்கு அறிவுரை மருந்தில்லை. மழையில் நிலத்தடி நீர் மேலே வந்து கழிவறைக் குழி நிரம்பிக்கொள்வதும், ஆட்கள் மறுபடி கரைக்குப் போவதும் உங்கள் பக்கம்தான் முதலில் நடக்கும். அதையும் பழக்கம் என்றுதான் எழுதிவிடுகிறார்கள்.

ஒரு தாளில் ஊர்ப் படம் வரையுங்கள். இந்த மழைக்காலத்தில் காய்ச்சல் வந்த வீடுகளில் தேதியோடு சிவப்புப் புள்ளி வையுங்கள். சாக்கடை வரும் வழியை நீலத்தில் போடுங்கள். யாரும் விளக்கம் சொல்லத் தேவையிருக்காது. அதை ஆரம்ப சுகாதார நிலைய டாக்டரிடம் ஒரு நகல், வட்டார வளர்ச்சி அலுவலகத்தில் ஒரு நகல், கிராம சபையில் ஒரு நகல் கொடுத்து, வடிகால் வேலையைத் தீர்மானமாகவே எழுதச் சொல்லுங்கள். 1939ஆம் ஆண்டுப் பொதுச் சுகாதாரச் சட்டம் இன்னும் நம் மாநிலத்தில் நடப்பில் இருக்கிறது. வடிகால் உள்ளாட்சியின் பொறுப்பு என்பதை மனுவில் அந்தச் சட்டத்தின் பெயரோடு குறிப்பிடுங்கள். மூன்று நகலுக்கும் தேதி போட்ட ஒப்புகை வாங்காமல் வெளியே வராதீர்கள்.